டோ வரிசையில் நாற்பத்து மூன்று பிள்ளைகள்

அந்த ஊரில் பெயர் வைக்காத குழந்தையை நாற்பது நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இதில் யார் மேலும் குற்றம் இல்லை. ஏற்பாடு அப்படி. பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுப்பார்கள். சொட்டு மருந்து, தடுப்பூசி, பெயர் என்று அதில் வரிசையாக இருக்கும். பெயர் என்ற இடத்துக்கு நேரே சிவப்பு மையில் நாற்பது என்று எழுதி வட்டம் போட்டிருப்பார்கள்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. வைத்த பெயருக்கு என்ன பொருளோ அது பலித்துவிடும். முன்பெல்லாம் இதனால் பெரிய தொந்தரவு இருந்ததில்லை. மேலத்தெருவில் நீலமேகம் என்று ஒருவர் இருந்தார். மாதத்தில் இரண்டு நாள் மழையாகப் பெய்வார். அந்த இரண்டு நாளும் துணி காயப்போடாமல் சமாளித்துக்கொண்டார்கள்.

டைல்ஸ் கடையில் வேலை பார்க்கும் ஆண்டியப்பனுக்குத் தன் பெயரின் பொருளை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் மனைவி பெயர் முப்பிடாதி. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. பிறந்து முப்பத்தெட்டு நாள் ஆகிவிட்டது. பெயர் இல்லை.

பெயர் இல்லாததற்குக் காரணம் நல்ல நேரம்தான்.

ஜோசியர் சிதம்பரதாணு பங்குனியில் ஒரு கால் மணி நேரத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். காலை பத்து நாற்பது முதல் பத்து ஐம்பத்தைந்து வரை. உத்திர நட்சத்திரம், இரண்டாம் பாதம். அந்த நேரத்தில் பிறக்கும் பிள்ளை கலெக்டர் ஆகும் என்றார். இதை அவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று சொல்லித்தான் சொன்னார். ஊரில் மாசமாக இருந்த நாற்பத்து மூன்று பேரும் அந்த நேரத்துக்கு ஆபரேஷன் எழுதிக் கொடுத்தார்கள். டாக்டரம்மா கத்தியைக் கீழே வைக்காமல் கட்டிலுக்குக் கட்டில் ஓடினார். நாற்பத்து மூன்று கலெக்டர்கள் ஒரு ஊருக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நட்சத்திரம், ஒரே பாதம், ஆகவே ஒரே எழுத்து. உத்திரம் இரண்டாம் பாதத்துக்குப் பெயர் 'டோ'வில் தொடங்க வேண்டும்.

டோவில் தொடங்கும் பெயர் ஒன்றும் அந்த ஊரில் அதுவரை இருந்ததில்லை. தேவைப்படவில்லை.

அதற்காக யாரும் மலைத்துப் போய்விடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் செல்போனை எடுத்தார்கள். டோ என்று போட்டுப் பக்கத்தில் ஒரு 'ஷ' வைத்தார்கள். 'ஷ' போதாது என்று பட்டவர்கள் 'க்ஷ' வைத்தார்கள். செல்போன் எல்லாவற்றுக்கும் பொருள் சொன்னது. நிலா, ஒளி, வெற்றி, இளவரசி. இந்த நாலைத் தவிர உலகத்து மொழிகளில் வேறு சொல்லே கிடையாது போலிருந்தது. பெற்றவர்களுக்குப் பரம சந்தோஷம்.

முதலில் பெயர் வைத்தவர் எதிர்வீட்டு வாத்தியார் நல்லபெருமாள். பையனுக்கு டோஷ்விக் என்று வைத்தார். பொருள், சந்திரனின் புன்னகை. பிறந்த மொழி, சமஸ்கிருதம் என்று செல்போன் சொன்னது. பெயர் அலுவலகத்துப் பேரேட்டில் பொருள் வேறு மாதிரி எழுதியிருந்தது. பன்னிரண்டாம் நாள் பையன் மிக்ஸி ஜாரின் மூடி ஆகிவிட்டான்.

ஆண்டியப்பன் பார்க்கப் போனான். வாத்தியார் மூடியைத் துடைத்து அவன் கையில் கொடுத்தார்.

"எப்படி இருக்கான், சார்?"

"நல்லா இருக்கான். பெரிய ஜாருக்கும் சேருதான், சின்ன ஜாருக்கும் சேருதான்."

"பேரச் சொல்லிக் கூப்பிட்டா?"

"திரும்புதான். நல்ல இறுக்கமா."

"மூணாவது வீட்டுப் பிள்ளைய விட இவன் ஒரு சுத்து கூட," என்றாள் உள்ளேயிருந்து வாத்தியார் மனைவி.

இதற்குப் பிறகும் பெயர்கள் மளமளவென்று போய்க்கொண்டிருந்தன. டோனிக்ஷா தபால்பெட்டி ஆனாள். டோமிரிஷ் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆனான். அவனைப் பார்க்க வாரத்துக்கு ஒருமுறைதான் போக முடியும். எந்த வீட்டிலும் யாரும் அழவில்லை. இந்தப் பெயர் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது என்று சொல்லிக்கொண்டார்கள். அது உண்மைதான்.

முப்பிடாதி மட்டும் ஒரு பெயரையும் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பெயர் விஷயத்தில் பட்ட அனுபவம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது அவள் பெயர் வந்தால் டீச்சர் கொஞ்சம் நிறுத்துவார். அந்த நிறுத்தலுக்குள் வகுப்பு மொத்தமும் சிரித்து முடித்துவிடும். பிறகு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். இந்தப் பெயரைக் கேட்டால் வாங்க வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று மேனேஜர் 'பிரியா' என்ற அட்டையை அவள் சேலையில் குத்திவிட்டார். சாயங்காலம் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒரு அட்டையை மூன்று பெண்கள் முறை வைத்துக் குத்திக்கொண்டார்கள்.

"எம்பிள்ள பேரச் சொன்னா ஒருத்தரும் 'என்னது'ன்னு திரும்பக் கேக்கக் கூடாது," என்றாள் முப்பிடாதி. "அது போதும் எனக்கு. நிலாவும் வேண்டாம், இளவரசியும் வேண்டாம்."

அவளை முப்பிடாதி என்று முழுசாகக் கூப்பிட்ட ஒரே ஆள் ஆண்டியப்பன்தான். கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று "முப்பிடாதி" என்பான். அடுப்பங்கரையிலிருந்து "இருக்கேன்" என்று பதில் வரும். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றுவான். அவள் இல்லையென்றால் செருப்போடு திரும்பிப் போய்விடுவான் என்று இல்லை. ஆனாலும் அப்படித்தான் நடந்துவந்தது.

பெயர் தேடுவதிலேயே நாள் ஓடிவிட்டது. இருபதாம் நாள் முப்பிடாதியின் அம்மா அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் இருந்தார். வந்த காரணம் அவருக்கு நினைவு வரவில்லை. ஊருக்குத் திரும்பும்போது, "சீக்கிரமா ஒரு பிள்ளையப் பெத்துக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். முப்பதாம் நாள் தடுப்பூசி போடும் நர்ஸ் வீட்டுக்கு வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற நாற்காலிக்கு ஊசி போட்டுவிட்டுப் போனார்.

முப்பத்தெட்டாம் நாள் ஆண்டியப்பன் சட்டையைக் கழற்றித் தொட்டிலில் போட்டான். சட்டை அழுதது. இந்தத் தொட்டிலை எதற்கு வாங்கினோம் என்று அவன் யோசித்துப் பார்த்தான். அரை நிமிடம் ஆயிற்று. பிறகுதான் நினைவு வந்தது. சட்டையைத் தூக்கிவிட்டுப் பிள்ளையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு," என்றான். "நாளைக்கே ஆபீசுக்குப் போயிருவோம்."

"எனக்கும் இன்னைக்குக் காலையில இவ நம்ம பிள்ளதானான்னு ஆயிட்டு," என்றாள் முப்பிடாதி.

பெயர் அலுவலகம் மூன்று மாடிக் கட்டடம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நடைவழி. 'அ' எழுத்து நடையில் சோபாவும் ஏசியும் உண்டு, கூட்டமும் உண்டு. பள்ளிக்கூடத்து ஆஜர் புத்தகத்தில் முதல் ஆளாகப் பிள்ளை வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள். 'டோ' நடை கக்கூசுக்குப் பக்கத்தில் தொடங்கியது. முதலில் பத்தடி நீளம்தான் இருந்ததாம். ஒவ்வொரு மனுவுக்கும் ஓரடி கூடுகிறது என்று காவலாளி சொன்னார்.

ஆண்டியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ். இருபத்தாறு எண்ணினான். நிமிர்ந்து பார்த்தபோது கவுண்டர் அதே தூரத்தில் இருந்தது. முப்பிடாதி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்க்காமல் நடந்தாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் அங்கிருந்து கூப்பிட்ட பிறகு அவனும் போய்ச் சேர்ந்தான்.

கவுண்டரில் ஒரு அம்மா இருந்தார். மேசை மேல் பெயர்ப் பலகை இருந்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எத்தனாவது நாளு?" என்றார்.

"முப்பத்தொம்பது, மேடம்."

"நாப்பத்திரெண்டு பேர் போயாச்சு. டோவுல இன்னும் மூணு பேர்தான் கெடக்கு. வாசிக்கட்டா?"

"வாசிங்க."

"டோரினிகா. பிறந்த மொழி லத்தீன். பொருள், அடுத்த கவுண்டரில் கேட்கவும்."

"பொருள அடுத்த கவுண்டர்ல கேக்கணுமா?"

"இல்ல. பொருளே அதான்."

முப்பிடாதி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம்.

"டோவிக்ஷா. பிறந்த மொழி பாரசீகம். பொருள், விருந்தாளி போன பிறகு மீந்த சாம்பார்."

"வேண்டாம்."

"டோஷினி. பிறந்த மொழி சமஸ்கிருதமும் ஸ்பானிஷும். பொருள், அடுத்தவங்க கல்யாண ஆல்பத்துல ஓரமா நிக்கிறவ."

ஆண்டியப்பன் கொஞ்சம் யோசித்தான். "ஆளாவாவது இருப்பால்லா?" என்று முப்பிடாதியிடம் மெல்லக் கேட்டான்.

"யாரோட ஆல்பம்?" என்று முப்பிடாதி அந்த அம்மாவிடம் கேட்டாள்.

"அது போடல. யாராவது அதப் பொரட்டும்போது இருப்பா."

"கல்யாண ஆல்பத்த யாரு பொரட்டுதா," என்றாள் முப்பிடாதி. "வேண்டாம்."

அந்த அம்மா பேரேட்டை மூடினார். "அப்ப நாளையோட சரி. தாயார் பேரச் சொல்லுங்க, கோப்ப முடிச்சிருதேன்."

"முப்பிடாதி."

"என்னது?"

முப்பிடாதி தரையைப் பார்த்தாள். ஆண்டியப்பன் இரண்டாம் முறை சொன்னான், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த அம்மா வேறொரு பேரேட்டை எடுத்தார். அது பழசு. அட்டை கிழிந்திருந்தது. நாலு பக்கம் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதுக்கு எங்ககிட்ட பொருள் இல்லியே. எழுதாமலே விட்டுருக்காவ. பிறந்த மொழிங்கிற இடத்துல 'இங்கனதான்'னு மட்டும் போட்டுருக்கு."

"பொருள் இல்லாட்டி என்ன ஆகும்?" என்றான் ஆண்டியப்பன்.

"ஒண்ணும் ஆகாது. பலிக்கதுக்கு எதுவும் இருந்தாத்தான பலிக்கும். ஆளு ஆளாவே இருக்கலாம்."

ஆண்டியப்பனுக்கு மூச்சு வந்தது. "அப்ப அதையே பிள்ளைக்கு வச்சிருங்க."

"ஒரு பேருக்கு ஒரு ஆளு. தாயார் இருக்கும்போது எப்படி வைக்க? தாயார் பேர விட்டுக்குடுத்தா பிள்ளைக்கு மாத்தலாம். படிவம் பதினேழு. அதுக்கு நட்சத்திர எழுத்துல இருந்து விலக்கு உண்டு."

"விட்டுக்குடுத்தா இவளுக்கு?"

"இவங்களுக்கும் அதே நாப்பது நாளு. பேர் இல்லன்னா பிள்ளையும் ஒண்ணுதான், பெரிய ஆளும் ஒண்ணுதான். அதுக்குள்ள புதுப் பேருக்கு மனு போட்டுக்கலாம். நட்சத்திரம் என்ன?"

"கார்த்திகை மொதப் பாதம்," என்றாள் முப்பிடாதி.

"அப்ப 'அ' எழுத்து. மேல போய் வரிசையில நில்லுங்க. அங்கன கொஞ்சம் நாளாகும்."

"எவ்வளவு நாளு?" என்றான் ஆண்டியப்பன்.

"மூணு வருசம்னு சொல்லிக்கிடுதாவ. சிலருக்குச் சட்டுனு வந்துருது."

ஆண்டியப்பன் தன் மனைவியைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருசமா இதக் கழட்டி எறியணும் எறியணும்னு கெடந்தேன்," என்றாள். "இப்பக் கேக்காவ, குடுக்கதுக்கு மனசு வரல பாத்துக்கிடுங்க."

பிள்ளை அவள் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்தது.

"இவளயும் பள்ளிக்கூடத்துல சிரிப்பாவ," என்றாள். பிறகு படிவத்தை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாவ. சிரிக்கதுக்கு ஒரு பிள்ள இருக்கணும்லா."

கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்தை எழுதி முடித்ததும் பேனா கையை விட்டு உருண்டது. அந்த அம்மா முத்திரை குத்தினார். பிள்ளை தும்மியது. அவ்வளவுதான். திரும்பி வரும்போது நடை எட்டடி நீளம்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே ஊர் முழுக்கப் பிள்ளையைத் தெரிந்துகொண்டது. எதிர்வீட்டு வாத்தியார் மனைவி மூடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "பிள்ள பேரு என்னது?" என்றாள். சொன்னார்கள். "என்னது?" என்று இன்னொரு முறை கேட்டாள். கேட்டுவிட்டு, "ஐயோ பாவம்," என்றாள். முப்பிடாதியின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். பிள்ளை முப்பிடாதியின் கன்னத்தைத்தான்.

பெயர் கொடுத்தவளை ஆண்டியப்பன், எந்தப் பெண்ணையும் கூப்பிடுகிற மாதிரி, 'ஏட்டி' என்று கூப்பிட்டான். ஒரு வாரம் அது ஓடியது. பிறகு தெருவில் போகிற எல்லோரும் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள், அவள் ஒருத்தியைத் தவிர.

அவள் தினமும் காலையில் சோறு வடித்து வைத்துவிட்டு 'அ' எழுத்து நடைக்குப் போனாள். அவளுக்கு முன்னால் ஆயிரத்து நூற்றுப் பதினோரு பேர் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் இன்னும் பிறக்கவில்லை. முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருந்தார்கள். பெயர் கொடுத்த பதினைந்தாம் நாள் ஜவுளிக்கடைக்குப் போனபோது வேறொரு பெண் பிரியா அட்டையைக் குத்திக்கொண்டு, "என்ன வெலையில பாக்கீங்க, அக்கா?" என்று கேட்டாள். இருபத்தைந்தாம் நாள் அவள் அம்மா போன் செய்தார். குரலைக் கேட்டதும் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்.

"ஊரு மறந்தா மறக்கட்டும். நான் மறக்க மாட்டேன்," என்றான் ஆண்டியப்பன். அவன் மனதாரச் சொன்னான். சொன்னதோடு நிற்கவும் இல்லை. முப்பதாம் நாள் கடையிலிருந்து ஒரு டைல்ஸ் எடுத்து வந்தான். வெள்ளையில் சாம்பல் பூ போட்டது, ஓரடிக்கு ஓரடி. அதன் பின்பக்கத்தில் அழியாத மையால், 'அடுப்பங்கரையில் இருப்பவள் என் பெண்டாட்டி' என்று கொட்டை எழுத்தில் எழுதினான். எழுத்து தெரியும்படி சுவரில் சாய்த்து வைத்தான். தினமும் வந்ததும் அதை ஒருமுறை வாசிப்பான். வாசித்துவிட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்ப்பான். இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

முப்பத்தாறாம் நாள் இரண்டு முறை வாசித்தான்.

முப்பத்தொன்பதாம் நாள் வாசித்துவிட்டு, கையெழுத்து யாருடையது என்று அவளிடம் கேட்டான்.

"உங்களோடதுதான்," என்றாள்.

"அழகா இருக்கு," என்றான்.

நாற்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆண்டியப்பனுக்கு விடுமுறை. அடுப்பங்கரை வாசலில் ஒரு டைல்ஸ் பல நாளாக உடைந்து கிடந்தது. குழந்தை நாளைக்குத் தவழ ஆரம்பித்தால் காலைக் கிழித்துவிடும். பொறுப்பான தகப்பன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. உடைந்ததைப் பெயர்த்து எடுத்தான். சிமெண்ட் குழைத்தான். சுவரோரம் பார்த்தால், வைத்தது போல அதே அளவில் ஒரு டைல்ஸ். அதன் பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தது. டைல்ஸின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. கம்பெனிக் குறிப்பாக இருக்கும். சிமெண்டைப் பூசி, எழுத்தைக் கீழே வைத்துப் பதித்தான். நாலு மூலையிலும் தட்டிப் பார்த்தான். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அவனுக்கு அன்றைக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது.

கை கழுவ வெளியே போய்விட்டு வாசலுக்கு வந்தான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பு, "முப்பிடாதி!" என்று கூப்பிட்டான்.

தொட்டிலில் பிள்ளை காலை உதைத்துச் சிரித்தது.

"இருக்கேன்," என்றது அடுப்பங்கரையிலிருந்து ஒரு குரல்.

ஆண்டியப்பன் எட்டிப் பார்த்தான். ஒரு பெண் ஈரப் பூச்சு மிதிபடாமல் எட்டிக் கால் வைத்து, கையில் டீ டம்ளரோடு வந்தாள்.

"உங்கள இல்லம்மா," என்றான் ஆண்டியப்பன். "எம்மகளக் கூப்பிட்டேன்."

"தெரியும்," என்றாள் அவள். டம்ளரை நீட்டினாள்.

டீயில் அரைக் கரண்டி சீனிதான் போட்டிருந்தது. அவன் எப்போதும் குடிப்பது அப்படித்தான். உபசரிக்கத் தெரிந்த அம்மா என்று நினைத்துக்கொண்டான். நிற்க வைத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உங்க பேரு என்னம்மா?"

"எழுதிக் குடுத்துருக்கேன்," என்றாள் அவள். "திங்கக்கெழம வந்து பாருன்னு சொல்லிருக்காவ."

"நல்ல பேரா பாத்து வாங்குங்க," என்றான் ஆண்டியப்பன். "வீட்டுல உள்ளவங்க கூப்பிடணும்லா."